சுமை வைத்துப் பார்

காரின் முகப்புத் தட்டில் சின்னதாய் ஓர் ஆரஞ்சு விளக்கு இருக்கிறது. இயந்திரத்தின் உருவம் கோடாக வரையப்பட்டிருக்கும். சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிட வேண்டும். அணையாமல் நின்றுவிட்டால் நம்மவர்களிடம் மூன்று வழக்கங்கள் உண்டு. முதலாவது, பட்டறைக்குப் போய்க் கருவியைச் செருகி, அது சொல்வதாக நாம் நினைத்துக்கொள்ளும் பாகத்தை மாற்றுவது. இரண்டாவது, பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைத்துவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்புவது. மூன்றாவது, விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிடுவது. எங்கள் வீட்டில் இந்த மூன்றும் இதே வரிசையில் நடந்து முடிந்திருந்தன.

எங்கள் வீடு காஹாங்கில் இருக்கிறது. பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாக மெர்சிங்குக்குப் போகும் 50ஆம் எண் கூட்டரசுச் சாலையில், குளுவாங்கைத் தாண்டிக் கிழக்கே வந்தால் எங்கள் ஊர். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் போயிருப்பவர்களுக்குக் காஹாங் தெரிந்திருக்கும். பூங்காவின் ஜொகூர் வாசலான கம்போங் பெத்தாவுக்கு நான்கு சக்கர இயக்க வண்டிகள் இங்கிருந்துதான் காட்டுப் பாதையில் பிரிந்து போகும். மற்றவர்களுக்கு அது மெர்சிங் போகும் வழியில் கண்ணில் பட்டு மறையும் ஒரு சிறு பட்டணம். சுற்றிலும் செம்பனை. இரவில் யானை கடக்கும் சாலை என்பதால் உள்ளூர்க்காரர்கள் இருட்டியபின் கார் ஓட்டுவதைக் கூடுமானவரை தவிர்ப்பார்கள்.

அம்மாவுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், குளுவாங்கில் இரத்தச் சுத்திகரிப்பு. அப்பாதான் அழைத்துக்கொண்டு போய் அழைத்துக்கொண்டு வருவார். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கார். அது ஓடினால்தான் சிகிச்சை. ஆகவே அந்த ஆரஞ்சு விளக்கு எங்களுக்கு வெறும் விளக்கல்ல.

பருவ விடுமுறைக்கு நான் வீடு திரும்பியபோது, பட்டறையில் ‘ஆக்சிஜன் சென்சர்’ மாற்றி ஒரு மாதமாகியிருந்தது. முந்நூற்று எண்பது வெள்ளி. விளக்கு ஒரு வாரம் அணைந்திருந்து மறுபடியும் எரிந்தது. அப்பா பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினார். மூன்று நாள் அணைந்திருந்து, மறுபடியும் எரிந்தது. அதன் பிறகுதான் கறுப்பு டேப்.

“புது சென்சர் போட்டாச்சு. இன்னும் அதுக்கு என்னா வேணுமாம்? காடி ஓடுதுல்ல?” என்றார் அப்பா.

காடி ஓடியது உண்மைதான். இந்தக் கோளாறால் கார் நடுவழியில் நின்றுவிடுவது அரிது. ஆனால் எண்ணெய்ச் செலவு கூடியிருந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. ஒரு கோளாறுக்காக ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் விளக்கு, நாளை இன்னொரு கோளாறு வந்தால் புதிதாக எரிந்து காட்ட முடியாது. சுருள் பழுதாகி எரியூட்டல் தவறினாலும், அந்த ஒரே விளக்குதான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். டேப்பின் அடியில் அது யாருக்குச் சொல்லும்? மழைக்கால மாலையில், சிகிச்சை முடிந்து சோர்ந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு வரும் வழியில் அப்படி ஒன்று நடக்க வேண்டாம் என்பதுதான் என் கவலை.

இந்த உயிர்வளி உணரி என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கி மாற்றி மூன்று வகை நச்சு வாயுக்களையும் ஒருசேர மாற்ற வேண்டுமானால், கலவை இந்த அளவை ஒட்டியே இருக்க வேண்டும். அதைக் கண்காணிக்கத்தான் புகைக்குழாயில் உணரியைப் பொருத்தியிருக்கிறார்கள். அதன் உள்ளே சிர்கோனியா என்னும் பீங்கான் போன்ற பொருள். இரு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. ஒரு பக்கத்தில் புகை படுகிறது, மறுபக்கத்தில் வெளிக்காற்று படுகிறது. இரு பக்கத்திலும் உயிர்வளியின் அளவு வேறுபடும்போது அந்த வேறுபாடே மின்னழுத்தமாக வெளிப்படுகிறது. புகையில் உயிர்வளி குறைந்து பெட்ரோல் மிகுந்தால் ஏறக்குறைய 0.9 வோல்ட், உயிர்வளி மிகுந்தால் ஏறக்குறைய 0.1 வோல்ட். இயந்திரக் கணினி அதைக் கேட்டுக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்கிறது.

செறிவு வேறுபாடு மின்னழுத்தமாக மாறும் இந்தக் கணக்கை ஜெர்மானிய அறிஞர் வால்தர் நெர்ன்ஸ்ட் 1889இல் வகுத்தார். வேதியியலுக்கான 1920ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர் அவர். 1976இல் போஷ் நிறுவனம் இந்த உணரியைக் கார்களுக்காகப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. முதலில் பொருத்தியது சுவீடனின் வோல்வோ. பேரறிஞர் ஒருவரின் சமன்பாடு காஹாங்கில் நிற்கும் ஒரு பழைய காரின் புகைக்குழாயில் நாள்தோறும் வேலை செய்கிறது என்றால் அது மிகையாகாது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. பீங்கான் ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் சூட்டைத் தாண்டினால்தான் ஒழுங்காகப் பேசும். புகையின் சூடு மட்டும் அதைச் சூடாக்கச் சில நிமிடங்களாகும். அதனால் உணரிக்குள்ளேயே ஒரு சூடேற்றி வைத்தார்கள். நான்கு வயர் உள்ள உணரியில் இரண்டு வயர் இந்தச் சூடேற்றிக்கு, ஒன்று சமிக்ஞைக்கு, இன்னொன்று அதன் எதிர்முனைக்கு. சூடேற்றி வேலை செய்யாவிட்டால் உணரி தாமதமாக விழிக்கும். அதுவரை கணினி எதையும் கேட்காமல் மனக்கணக்கில் பெட்ரோலை ஊற்றும். எங்கள் காரில் எண்ணெய்ச் செலவு கூடியது இப்படித்தான்.

இணையத்தில் முப்பத்தைந்து வெள்ளிக்கு வாங்கிய சிறிய புளூடூத் கருவி ஒன்று என் பையில் இருந்தது. ஸ்டியரிங்கின் கீழே செருகிக் கைப்பேசியில் பார்த்தேன். வந்த குறி பி0135. நான்கு இலக்கக் குறிக்கும் ஓர் இலக்கணம் உண்டு. ‘பி’ என்றால் இயந்திரமும் கியரும் சார்ந்தது. அடுத்த சுழியம், எல்லாக் கார் நிறுவனங்களுக்கும் பொதுவான குறி என்பதைக் காட்டும். அதற்கடுத்த 1, எரிபொருள், காற்று அளவீடு சார்ந்தது. மொத்தமாகப் படித்தால், ‘முதல் வரிசை, முதல் உணரி, சூடேற்றி மின்சுற்றில் கோளாறு’.

இங்கேதான் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். ‘சூடேற்றி கெட்டுவிட்டது’ என்று குறி சொல்லவில்லை. ‘சூடேற்றி மின்சுற்றில் கோளாறு’ என்றுதான் சொல்கிறது. சுற்று என்பதில் பேட்டரி, பியூஸ், ரிலே, அங்கிருந்து வரும் வயர், செருகி, சூடேற்றி, கணினிக்குப் போகும் வயர், கணினிக்குள் இருக்கும் விசை ஆகிய அனைத்தும் அடக்கம். கணினிக்குத் தெரிந்தது, எதிர்பார்த்த மின்னோட்டம் ஓடவில்லை என்பது மட்டுமே. எட்டுப் பேர் கைகோத்து நிற்கும் வரிசையில் எங்கோ ஒரு கை விட்டுப்போயிருக்கிறது. யாருடைய கை என்று அதற்குத் தெரியாது. பட்டறைக்காரர் அந்த எட்டில் வழக்கமாகக் கெடும் ஒன்றை மாற்றினார். நாளொன்றுக்கு இருபது கார் பார்ப்பவர் அப்படிச் செய்வது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் நம்மிடம் ஒரே கார்தான் இருக்கிறது, நேரமும் இருக்கிறது.

அப்பாவிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எந்தப் பட்டறையிலும் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வந்துவிடுவார். தோட்டத்தில் லோரி ஓட்டிய காலத்துப் பழக்கம். பழைய உணரி ஒரு பிளாஸ்டிக் பையில் அடுப்படி அலமாரியில் இருந்தது. ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயர்களுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தேன். பெரும்பாலான உணரிகளில் அவைதாம் சூடேற்றியின் வயர்கள். மின்தடை 6.4 ஓம். பிறகு குளிர்ந்திருந்த காரின் அடியில் படுத்து, செருகியைக் கழற்றி, புது உணரியையும் அளந்தேன். 6.1 ஓம். சூடேற்றியின் கம்பி அறுந்திருந்தால் முடிவிலி என்று காட்டியிருக்கும். ஆக, மாற்றிய பாகமும் நல்ல பாகம், மாற்றப்பட்ட பாகமும் நல்ல பாகம்.

அடுத்தது மின்சாரம் வருகிறதா என்பது. சாவியைத் திருப்பச் சொல்லி, வண்டிப் பக்கத்துச் செருகியில் மின்சாரம் வர வேண்டிய முனையில் மீட்டரின் சிவப்புக் குச்சியையும், பேட்டரியின் எதிர்முனையில் கறுப்புக் குச்சியையும் வைத்தேன். 12.2 வோல்ட். பேட்டரியில் 12.3. எண்ணைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த நேரத்தில் பெரியப்பா வந்து சேர்ந்தார். முப்பது ஆண்டுகள் தோட்டத்துப் பட்டறையில் டிராக்டரும் லோரியும் பார்த்தவர். கணினி வைத்த கார்கள் மேல் அவருக்கு மரியாதை கிடையாது. மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவும்மா காட்டுது?”

“பன்னெண்டு புள்ளி ரெண்டு, பெரியப்பா.”

“வருது. சரி. வேலை செய்யுற அளவுக்கு வருதா?”

எழுந்து போய்த் தம் மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்து வந்தார். காரின் சிக்னல் விளக்கில் இருக்கும் 21 வாட் பல்பு. அதற்கு இரண்டு வயர் பற்றவைத்து, நுனியில் முதலைப் பல் பிடிப்பான் மாட்டியிருந்தார்.

“பைப்புல தண்ணி வருதான்னு விரல வெச்சுப் பாத்தா ஈரந்தான் தெரியும். வாளிய வெச்சாத்தான் எவ்வளவு வருதுன்னு தெரியும். இத மாட்டிட்டு மீட்டர வெச்சுப் பாரு.”

மாட்டினேன். முழு வெளிச்சத்தில் எரிய வேண்டிய பல்பு, சாமி மேடையில் எண்ணெய் தீர்ந்த அகல் மாதிரி மங்கிய சிவப்பில் எரிந்தது. மீட்டரில் 12.2 என்று நின்ற எண் 5.8க்கு இறங்கியது. பல்பைக் கழற்றினால் உடனே 12.2. மாட்டினால் 5.8.

பெரியப்பாவின் பல்புக்குப் பின்னால் இருப்பது நாம் ஐந்தாம் படிவத்தில் படித்த ஓம் விதிதான். ஜார்ஜ் ஓம் அதை 1827இல் வெளியிட்டார். ஒரு வயரில் இழக்கப்படும் மின்னழுத்தம், அதில் ஓடும் மின்னோட்டத்தையும் அதன் மின்தடையையும் பெருக்கினால் வருவது. மல்டிமீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகாஓம். அதன் வழியாக ஓடுவது ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல். அவ்வளவு சிறிய ஓட்டத்தில், பாதி அறுந்த வயரும் நல்ல வயரும் ஒரே எண்ணைத்தான் காட்டும். சூடேற்றிக்கோ ஏறக்குறைய 2 ஆம்பியர் வேண்டும். மீட்டர் கேட்பதைவிட ஒன்றரை மில்லியன் மடங்குக்கும் கூடுதல். அந்தச் சுமையைத் தாங்க முடிகிறதா என்று கேட்டால்தான் வயரின் உண்மை நிலை வெளிவரும். 21 வாட் பல்பு எடுப்பது 1.75 ஆம்பியர்; சூடேற்றிக்கு நெருங்கிய அளவு. பெரியப்பா இந்தக் கணக்கைப் போடவில்லை. ஆனால் சரியான பல்பைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தச் சோதனை சூடேற்றிக்கு மின்சாரம் கொண்டுவரும் வயருக்கு மட்டும். சமிக்ஞை வயரிலோ, கணினிக்குப் போகும் வயரிலோ பல்பை மாட்டக்கூடாது. சமிக்ஞை ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அதைக் கேட்க மீட்டர்தான் ஏற்றது. கணினிக்குள் இருக்கும் விசையும் கண்ட சுமையைத் தாங்காது. எந்தச் செருகியில் எந்த முனை எது என்பதும் காருக்குக் கார் மாறும். வயர் வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

இனித் தேடுவது எளிது. பியூஸ் பெட்டியில், அந்தப் பியூஸின் வெளிமுனையில் பல்பை மாட்டினோம். பளிச்சென்று எரிந்தது. ஆக, பேட்டரி, ரிலே, பியூஸ் மூன்றும் விடுதலை. கோளாறு பியூஸ் பெட்டிக்கும் உணரியின் செருகிக்கும் இடையிலுள்ள ஒன்றரை மீட்டர் வயரில்தான். பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் இம்முறையில் எட்டு சந்தேகங்களை மூன்று சோதனைகளில் ஒன்றாக்கிவிடலாம்.

வயர்க் கட்டு பேட்டரிக்குப் பின்புறமாக வளைந்து கீழே இறங்கியது. பேட்டரியைத் தூக்கினோம். அதன் தட்டுக்கு அடியில் காய்ந்த செம்பனைப் பழ நார் ஒரு கைப்பிடி, நான்கைந்து கடித்த கொட்டைகள், எலிப் புழுக்கை. வேறென்ன சாட்சி வேண்டும்? செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கம்பம் நட்டு, பெட்டி வைத்து, கூகை வளர்ப்பது இந்நாட்டில் பல்லாண்டு வழக்கம். மழைக்காலத்தில் எலிக்கு, அப்போதுதான் ஓடி நின்ற காரின் இயந்திர அறையைவிடக் கதகதப்பான வீடு கிடைக்காது. வயர்க் கட்டின் டேப் கிழிந்திருந்தது. ஒரு வயரின் உறை முழுவதும் போய், உள்ளே இருந்த செப்பு இழைகளில் இரண்டோ மூன்றோதான் மிச்சம். அவையும் வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தன. அந்த மூன்று இழைகள் வழியாகத்தான் எனக்கு 12.2 வோல்ட் கிடைத்தது.

உணரியை மாற்றியபோது விளக்கு ஒரு வாரம் அணைந்ததற்கும் விளக்கம் கிடைத்தது. பட்டறையில் பழைய குறியை அழித்தார்கள். வேலை செய்யும்போது வயர்க் கட்டு அசைந்து இழைகள் சற்று நன்றாகத் தொட்டிருக்கலாம். அதோடு, இத்தகைய கோளாறுகளுக்குக் கணினி பெரும்பாலும் ஒரே ஓட்டத்தில் விளக்கைப் போடாது. அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறைக் கண்டால்தான் போடும். ஆகவே விளக்கு அணைந்தது என்பதும் கோளாறு நீங்கியது என்பதும் ஒன்றல்ல.

கெட்ட பகுதியை வெட்டி எடுத்தோம். அதே பருமனுள்ள புது வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடி, நெளிகுழாய்க்குள் செருகி, பழைய பாதையிலேயே கட்டினோம். வயரும் குழாயும் சேர்த்து நான்கு வெள்ளி. வண்டிப் பக்கத்து வயரில்தான் இப்படிப் பற்றவைக்கலாம். உணரியோடு சேர்ந்தே வரும் வயரில் கூடாது. பல உணரிகள் தமக்கு வேண்டிய வெளிக்காற்றை அந்த வயரின் இழைகளுக்கிடையே உள்ள இடைவெளி வழியாகத்தான் இழுக்கின்றன. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும்.

மறுபடி பல்பை மாட்டினோம். கண் கூசியது. மீட்டரில் 11.9. செருகியைப் பூட்டி, குறியை அழித்து, மறுநாள் காலையில் குளிர்ந்த இயந்திரத்தை முடுக்கிக் கைப்பேசியில் சமிக்ஞையைப் பார்த்தேன். முன்பு மூன்று நிமிடங்களுக்கு மேல் 0.45 வோல்ட்டில் அசையாமல் கிடந்த கோடு, ஒரு நிமிடத்துக்குள் மேலும் கீழும் ஏறி இறங்கத் தொடங்கியது. 0.1, 0.8, 0.2, 0.9. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “மூச்சு விடுது” என்றார். அன்று மாலை டேப்பை அவரே உரித்தார். பேட்டரித் தட்டுக்குக் கீழே இருந்த இடைவெளியைக் கம்பி வலையால் அடைத்தார். இந்த வரிகளை எழுதும் வரை விளக்கு எரியவில்லை.

நண்பர்களே, கார் பழுதுபார்த்த கதையைத் தமிழ் மலரில் ஏன் எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று நம் படிப்பைப் பற்றியது. தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்த நம்மில் பலர், பெரியவர்களின் கைவேலை அனுபவத்தை ஒரு பக்கமும் நாம் படிக்கும் பாடத்தை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்க்கிறோம். பெரியப்பாவுக்கு ஓம் விதி தெரியாது என்று சொல்வது தவறு. அதன் பெயர்தான் அவருக்குத் தெரியாது. எனக்கு அவருடைய பல்பு ஏன் பேசுகிறது என்று சொல்லத் தெரியும். அவருக்கு எந்தப் பல்பை எங்கே மாட்டுவது என்று தெரியும். நோயை மட்டும் பார்க்காமல் அதன் மூலத்தையும் பார்க்க வேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் சொன்னதை நாம் மேடையில் பேசுகிறோம். அவர் அதைப் பட்டறையில் செய்துகொண்டிருந்தார்.

இரண்டாவது வீட்டைப் பற்றியது. விடுதியிலிருந்து நாம் தொலைபேசியில் கேட்கிறோம்: “நல்லா இருக்கீங்களா?” அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதில் எப்போதும் 12.2 தான். “நல்லாத்தான் இருக்கோம், நீ படி.” அது பொய்யல்ல. மீட்டரும் பொய் சொல்லவில்லையே! சுமை இல்லாத நேரத்தில் கேட்டதற்குச் சுமை இல்லாத பதில் வருகிறது.

வயரைப் பற்றவைத்த அதே வாரம் புதன்கிழமை, நான் அவர்களோடு குளுவாங்குக்குப் போனேன். விடியுமுன் புறப்பட்டோம். சுத்திகரிப்பு நடக்கும்போது தாதி அடிக்கடி வந்து அம்மாவின் இரத்த அழுத்தத்தை அளந்துகொண்டே இருந்தார். தொடங்குமுன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை என்று விட்டுவிடுவதில்லை. உடம்பு வேலைப்பளுவில் இருக்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். அந்த நான்கு மணி நேரமும் அப்பா வெளியே காரின் முன்னிருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்தார். மதியம் திரும்பும்போது மழை. ஒரு பக்கம் செம்பனை லோரிகள், ஒரு பக்கம் தூங்கிவிட்ட அம்மா, நடுவில் கண்ணைத் தேய்த்துத் தேய்த்துக் கார் ஓட்டும் அறுபத்து மூன்று வயது மனிதர். வீட்டில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடும்போது அவரிடம் தெரியாத களைப்பு அங்கே தெரிந்தது.

அன்றிரவு தம்பியையும் உட்கார வைத்துப் பேசினோம். அவன் பத்து பகாட்டில் வேலை பார்க்கிறான், சனிக்கிழமை விடுப்பு. இனிச் சனிக்கிழமைப் பயணம் அவனுடையது. பருவ விடுமுறைகளில் திங்களும் புதனும் என்னுடையவை. அப்பா முதலில் மறுத்தார். “எனக்கு என்னா? நான் நல்லாத்தானே இருக்கேன்?” அம்மாதான் ஒரே வார்த்தையில் முடித்தார்: “பிள்ளைங்க ஓட்டட்டும்.”

அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது, காரின் முகப்பில் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உரியுங்கள். குறியைப் படியுங்கள், ஆனால் அது சுட்டுவது பாகத்தையல்ல, சுற்றை என்பதை நினைவில் வையுங்கள். பாகத்துக்குப் பணம் கொடுக்குமுன் சூடேற்றியின் மின்தடையை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். மின்சாரம் வரும் வயரில் சுமை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியைத் தூக்கி அடியில் பாருங்கள், செம்பனைப் பக்கத்து வீடென்றால் கட்டாயம் பாருங்கள். எல்லாம் முடிந்ததும் அந்தக் காரில் பெற்றோர் வழக்கமாகப் போகும் நீளமான பயணம் ஒன்றில், அவர்கள் போகும் நேரத்திலேயே, நீங்களும் ஏறி உட்காருங்கள்.